நரிக்கரடு ஸ்டேஷன் ஜீப்

பின்கதவை வெளியே நின்று சாத்தி, கொண்டியைத் தட்டி இறக்கிவிட்டு, "சௌகரியமா உக்காந்துட்டீங்களா மேடம்?" என்று பிரதீபன் கேட்டபோது, உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லப் பூங்கோதைக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வெயிலில் நிற்கிறவருக்கு உள்ளே இருக்கிற தலையாட்டல் எப்படித் தெரியும், அதற்குள் அவர் முன்பக்கம் போய் ஏறிவிட்டார். வழக்கமாகச் செய்கிற வேலைதான் இது. எந்தப் பழைய வண்டியைச் சோதித்தாலும் கடைசியில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லித் தான் பின்னால் உட்கார்ந்துகொள்வாள், முன்னால் உட்கார்ந்தால் எஞ்சின் சத்தம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும், பின்னச்சு முனகுகிறதா, அடிச்சட்டம் எங்காவது விட்டுப் போயிருக்கிறதா என்பதெல்லாம் பின்னால்தான் கேட்கும். பாலிடெக்னிக்கில் தலை நரைக்கும்வரை ஆட்டோமொபைல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். அதன் பிறகுதான் பழைய கார் சேர்க்கிற பணக்காரர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள், இந்த வண்டி நிஜமா போலியா, எங்கே ஓடியது, யார் கையில் இருந்தது என்று பார்த்துச் சொல்லச் சொல்லி. எத்தனை வண்டியின் வயிற்றுக்குள் படுத்துப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் இந்தக் கொண்டி விழுந்த சத்தம், இரும்பு இரும்பின் மேல் விழுகிற அந்த ஒற்றைச் சத்தம், காதுக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. உள்பக்கம் கொண்டி கிடையாது. கைப்பிடியும் கிடையாது. அப்படித்தான் இருக்கும், கைதிகளை ஏற்றுகிற வண்டிக்கு உள்ளே எதற்குக் கைப்பிடி. நல்லது, இதுவும் ஓர் அத்தாட்சி, குறித்துக்கொள் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். கை பேனாவைத் தேடவில்லை.

எஞ்சின் ஒரு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது. ஓட்டுகிறவர் தணிகாசலம், போலீஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்டேஷன் ஏலத்தில் கழித்துக் கட்டியபோது இந்த ஜீப்பைத் தானே எடுத்து இத்தனை காலமும் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு வைத்திருந்தவர். எண்பதைத் தொட்ட மனிதர், கிளட்ச்சை மிதிக்கிற காலில் மட்டும் வயசு தெரியவில்லை. அவரிடமிருந்து இதை வாங்கித் தன் மலையடிவார ஓட்டலின் முகப்பில் நிறுத்தப் போகிறார் பிரதீபன். கிரானைட் குவாரிக்காரர், பழைய வண்டிப் பைத்தியம், நல்ல மனிதர், கார்க் கதவைத் திறந்தால் யாரும் சொல்லாமலே செருப்பைத் தட்டிவிட்டு ஏறுகிறவர். முன்சீட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், நடுவில் அடித்த கம்பி வலைக்கு இந்தப் பக்கம் சிரிப்பு மட்டும் வருகிறது, சொல் வரவில்லை. காலையில் இருந்து பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. போலி வண்டி என்றால் அவளுக்கு ஐந்து நிமிஷ வேலை. சினிமா ஷூட்டிங்குக்கு ஓட்டிய ஜீப்பை வாங்கி, நீலம் அடித்து, கூரையில் சிவப்பு விளக்கை ஒட்டி, போலீஸ் ஜீப் என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். விளக்கை ஒட்டத் தெரிந்தவனுக்கு விளக்கிலிருந்து கீழே வரும் வயர் எந்த வழியாக இறங்கும் என்று தெரியாது. வயர்லெஸ் ஏரியலுக்கு ஓட்டை போடுவான், ஓட்டையின் விளிம்பு பளபளவென்று நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். இதில் விளிம்பெல்லாம் துரு ஏறிப் புண் ஆறின தழும்பாய் இருந்தது. வயர்லெஸ் செட்டுக்கென்று தனி பேட்டரி வைத்த தட்டு ஆசிட் சிந்திப் பொத்துப் பொத்தாய் அரித்துப் போயிருந்தது, ஆசிட் தின்ற இரும்பை யாரும் போலி செய்ய மாட்டார்கள், அந்தப் பொறுமை திருடனுக்குக் கிடையாது. அடிச்சட்டத்து நம்பர் தேய்ந்திருந்தாலும் தட்டிப் பதித்த ஆழம் அப்படியே இருந்தது. வெளியே அடித்திருந்த மஞ்சளைச் சுரண்டினால் பச்சை, பச்சைக்குக் கீழே அந்தக் கருநீலம், கருநீலத்தின் மேல் பானெட்டுக்குப் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தின் நிழல், ந, அடுத்த எழுத்து போய்விட்டது, க், க, அதன் பிறகு ரடு. நரிக்கரடு. அதைப் படித்தபோது அவள் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நரிக்கரடு ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு ஜீப்தான் இருந்தது, அந்தக் காலத்தில் எந்த மலையோர ஸ்டேஷனுக்குத்தான் இரண்டு ஜீப் கொடுத்தார்கள். அந்த மாவட்டத்து போலீஸ் வண்டி எது விற்பனைக்கு வந்தாலும் கூலி பேசாமல் கிளம்பிவிடுவாள் என்று பழைய கார்க்காரர்களின் கிளப்பில் ஒரு பேச்சு உண்டு. மேடத்துக்குப் போலீஸ் வண்டி மேல ஒரு இது, என்பார்கள். இது என்றால் எது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா. போகிற வழியெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து, அந்த வண்டியாக இருக்க வேண்டும், அந்த வண்டியாக இருக்கக் கூடாது என்று மாறி மாறி ஒரே வேகத்தில் வேண்டிக்கொள்வாள். போய்ப் பார்த்தால் வேறு ஸ்டேஷன் வண்டியாக இருக்கும், அல்லது போலியாக இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா முகத்தைப் பார்ப்பாள், இவள், "அது இல்லம்மா" என்பாள். "அதானே," என்று அம்மா பாக்கு இடிக்கப் போய்விடுவாள். அந்த அதானேவில் ஒரு நிம்மதி இருக்கும், தன்னுடையதா அம்மாவுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிம்மதி, இன்னும் கொஞ்ச காலத்துக்கு அண்ணன் உயிரோடு இருப்பான் என்கிற நிம்மதி.

ஜீப் தணிகாசலத்தின் தோட்டத்துக் கேட்டைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியது, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, பிடித்துக்கொள்ள எதையோ தேடிய கை தரையில் பற்றவைத்திருந்த இரும்பு வளையத்தில் போய் நின்றது. விலங்குச் சங்கிலியை மாட்டுகிற வளையம். விரலை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அண்ணன் செங்குட்டுவன், வீட்டில் குட்டு, களி தின்றுகொண்டிருந்தான். தறியில் இருந்த அப்பா எழுந்து வருவதற்குள் போலீஸ்காரர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். சின்ன விசாரணைதான், வாப்பா, என்றார் ஒருவர், மரியாதையாகத்தான் சொன்னார். கை கழுவிக்கிறேங்க என்றான் அண்ணன். வந்து கழுவிக்கலாம் என்றார்கள். அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த இவள் பின்னாலேயே ஓடினாள், வண்டியின் பின்பக்கத்து வலையில் அவன் கை தெரிந்தது, விரலெல்லாம் களி ஒட்டியிருந்த கை, அதை ஆட்டவில்லை, அவளைப் பார்த்து வலையில் வைத்துக்கொண்டு இருந்தான், வண்டி புழுதிக்குள் போய்விட்டது. வண்டியின் நம்பரைப் பார்த்தாயா என்று ஊரே அவளைக் கேட்டது. பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையில் வந்தது. கூலி உயர்வு கேட்டுப் பண்ணைக்காரர்களோடு சண்டை போட்ட சங்கத்து ஆட்கள் மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு போகும் வழியில் கரட்டுக் குன்றின் மேலிருந்து அவர்களுடைய கூட்டாளிகள் ஜீப்பைச் சுட்டார்கள், சண்டையில் குறுக்கே மாட்டி இரண்டு பேர் செத்தார்கள், குண்டடியில் கதவு திறந்துகொள்ள மூன்றாமவன் குதித்து மேற்கே காட்டுக்குள் ஓடிவிட்டான். இரண்டு பேர் பிணம் ஊருக்கு வந்தது. மூன்றாமவன்தான் குட்டு. மேற்கே போயிருந்தா கர்நாடகாவுக்குள்ள போயிருப்பான் என்றார்கள், அங்கே காபித் தோட்டத்தில் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான், ஹூப்ளியில் லாரி ஓட்டுவதாக இன்னொருத்தன். அம்மா ரேஷன் கார்டில் அவன் பேரை எடுக்க விடவில்லை. கைரேகை வைக்கும் கார்டு வந்தபோது, ஆளைக் கூட்டிவாங்க இல்லன்னா பேர எடுங்க என்றான் கடைக்காரன். வெளியூர்ல இருக்கான், வருவான், என்று சொல்லிவிட்டுத் தன் அரிசியையும் வாங்காமல் வந்துவிட்டாள்.

அச்சு சத்தமில்லாமல் ஓடியது. நல்ல அச்சு. தணிகாசலம் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கிரீஸ் வைத்து, எண்ணெய் மாற்றி, டயரைக் கட்டையில் தூக்கி நிறுத்தி. மாட்டைக்கூட இவ்வளவு பக்குவமாய் யாரும் பார்ப்பதில்லை. எதற்கு இவ்வளவு பக்குவம் என்று நினைத்தவள் வலை வழியாக அவருடைய பின்கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் குறுக்கும் நெடுக்குமாக மடிப்பு, மடிப்புக்குள் வேர்வை, நரைத்த மயிரை ஒட்ட வெட்டி, இன்னும் போலீஸ் வெட்டுதான். இந்தக் கழுத்தைத்தான் அண்ணனும் பார்த்திருப்பானா. அப்போது மடிப்பு இருந்திருக்காது. இவர்தான் ஓட்டினாரா என்று யாருக்குத் தெரியும், ஸ்டேஷனில் நாலு டிரைவர் மாறியிருப்பார்கள். ஆனால் காலையில் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பிரதீபனிடம் அவர் கதை சொன்னபோது நாற்காலியில் கை ஸ்டீயரிங் திருப்பிக்கொண்டே இருந்ததைப் பார்த்தாள். "கரட்டு மேல இருந்து சடசடன்னு சுட்டானுங்க சார். இடது பக்கம் ரெண்டு, பின்கதவுல ஒண்ணு. வெளிய பட்டி பூசி அடச்சிருக்கேன், ஆனா இடம் தெரியும் பாருங்க." பிரதீபன் அந்த இடங்களைக் கோயில் சிலையைத் தொடுவதுபோல் தொட்டார். அவருக்கு வேண்டியது அந்த மூன்று துளைதான். தாக்குதலில் தப்பிய போலீஸ் ஜீப் என்று பித்தளைத் தகடு அடித்துப் பக்கத்தில் வைக்கலாம், அதற்குத்தான் பூங்கோதையின் கையெழுத்து. "பட்டியைக் கொஞ்சம் சுரண்டிப் பாக்கலாமா ஐயா?" என்று அவள் கேட்டாள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நீளமாகப் பார்த்தார், கண்ணை அல்ல, தாவாக்கட்டையை, பழைய சாடை ஒன்றைத் தேடுகிறவர்போல். "அதை எதுக்கும்மா தொடணும். அதுதான வண்டிக்கு அழகு," என்றார். அப்புறம், "மேடத்துக்கு எந்தூரு?" என்றார். நரிக்கரட்டுக்குப் பக்கத்தில் மோட்டுப்பாளையம் என்று பிரதீபன்தான் பெருமையாகச் சொன்னார், அந்த மண்ணிலேயே பிறந்தவங்க சார், அவங்களை விட யாருக்குத் தெரியும். தணிகாசலம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று மட்டும் சொன்னார்.

வெளியே சுரண்ட வேண்டாம் என்றார், உள்ளே சுரண்டக் கூடாது என்று சொல்லவில்லையே. உள்பக்கம் முழுக்க ரெக்ஸின் அடித்திருந்தது, பச்சை ரெக்ஸின், ஏலத்துக்கு அப்புறம் அடித்தது, ஆணி எல்லாம் பிற்காலத்து ஆணி. பைக்குள் இருந்த திருப்புளியை எடுத்து, இடது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, தோளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியை நெம்பினாள். ஆணி எளிதாய் வந்துவிட்டது, அவளுக்காகவே காத்திருந்ததுபோல். இன்னொன்று. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, முன்னாடிக் கண்ணாடியில் தணிகாசலத்தின் கண் வந்து போனது, இல்லை, வரவில்லை, தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது, உள்ளே இருட்டு, அவருக்குத் தெரியாது. ரெக்ஸினுக்குப் பின்னால் கையை விட்டாள். பழைய இரும்பின் குளிர்ச்சி. பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்தியிருக்கிறாள், ஒரு தகட்டில் எதுவும் துளைத்துக்கொண்டு போனால் போகிற பக்கம்தான் தகடு பூவாய் விரியும், வருகிற பக்கம் பள்ளமாய் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆணியை அடித்துக் காட்டுவாள். கரட்டு மேலிருந்து சுட்டது என்றால் குண்டு வெளியிலிருந்து உள்ளே வந்தது, இரும்பு உள்பக்கம் விரிந்திருக்கும், விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையை விடும்போதே கிழித்துவிடும். கிழிக்கட்டும். விரல் நகர்ந்தது. கிழிக்கட்டும், நல்லா ஆழமா கிழிக்கட்டும், தையல் போடுகிற அளவுக்குக் கிழித்து ரத்தம் கொட்டட்டும், வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்ட கையை அம்மாவிடம் காட்டி, அம்மா அதே வண்டிதாம்மா, பத்திரிகையில் போட்டது நிஜம்மா, அவன் ஓடிட்டாம்மா என்று சொல்லிவிடலாம். விரல் ஒரு விளிம்புக்கு வந்தது. விளிம்பு அவளை விட்டு விலகிப் போனது. பணியாரக் கல்லின் குழிபோல் மெத்தென்று உள்வாங்கி, விரல் நுனி வழுக்கிக்கொண்டு அதற்குள் போய், அந்தக் கோடியில் பட்டி அடைத்த இடத்தில் நின்றது. கிழிக்கவில்லை. இரண்டாவதும் கிழிக்கவில்லை. இரண்டும் உட்கார்ந்திருக்கிற ஆளின் மார்பு உயரத்தில் இருந்தன, அவள் சாய்ந்தால் அவளுடைய தோளெலும்பில் வந்து பொருந்தின. கரட்டு மேலிருந்து சுட்டவன் இவ்வளவு தணிவாய், இவ்வளவு நேராய், எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சுட்டான். நிமிர்ந்து எதிர்ப் பெஞ்சைப் பார்த்தாள், காலியாய் இருந்தது, வண்டியின் ஆட்டத்துக்கு அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

பின்கதவு பாக்கி இருந்தது. பார்க்க வேண்டாம். இரண்டு துளை போதும், இரண்டு துளைக்கு இரண்டு பேர், அவர்கள் பிணம்தான் ஊருக்கு வந்ததே, சரியாகப் போய்விட்டது, கணக்கு முடிந்தது. இவன் அதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கலாம், ஒன்றுக்குப் போகணும் என்று கேட்டு, அண்ணனுக்கு அந்த மாதிரி சமாளிக்கத் தெரியும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஓடிவிடுவான். வெளியே காற்று ஆடிக் காற்றாய் அடித்தது, வலை வழியாக மண் வந்து பல்லில் கடித்தது. எழுந்து குனிந்து கதவுப் பக்கம் போய்விட்டாள், எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை. கதவில் ரெக்ஸின் இல்லை, பெயிண்ட் மட்டும்தான், பெயிண்டின் மேலேயே தெரிந்தது, கொண்டி இருக்கிற இடத்துக்கு ஒரு சாண் மேலே அதே குழி, அதே வழுக்கல், வெளியே பார்த்துப் போகிற குழி. உள்ளேயிருந்து சுட்டிருக்கிறார்கள். குண்டு கதவில் பட்டிருக்கிறது. பட்டபோது கதவு சாத்தியிருந்திருக்கிறது. திறந்திருந்தால் கதவு வெளிப்பக்கம் போய்த் தொங்கியிருக்கும், உள்ளிருந்து போன குண்டு அதில் பட்டிருக்காது. சாத்தின கதவுக்கு உள்ளே கைப்பிடி கிடையாது. கதவுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது யார். கொண்டி வெளியே இருக்கிறது என்று தெரியாமல் தள்ளிப் பார்த்தது யார். கதவுக்கு மேலே வலை இருந்தது, களி ஒட்டிய கையை வைத்துக்கொண்டு இருந்த வலை. அவள் தன் கையைக் கொண்டுபோனாள், வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். 

வண்டி நின்றது. யார் நிறுத்தச் சொன்னது என்று முன்னால் எட்டிப் பார்த்தாள், பிரதீபனின் போன் அடித்திருக்கிறது, குவாரியில் ஏதோ லாரிப் பிரச்சினை, "ஒரு நிமிஷம் மேடம்," என்று கையைக் காட்டிவிட்டு அவர் இறங்கிப் புளியமரத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டே நடந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் திரும்பவில்லை. இவளும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வலை நடுவில். அவர் வாயில் எதையோ போட்டுச் சப்பினார், ஏலக்காய் வாசனை பின்னால் வந்தது.

"அச்சு எப்பிடிம்மா இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க ஐயா." தன் குரல் இவ்வளவு சாதாரணமாய் வந்தது அவளுக்கே அருவருப்பாய் இருந்தது. பிறகு, கேட்கப் போகிறோம் என்று தெரியாமலே கேட்டுவிட்டாள். "அந்த மூணாவது ஆளு எந்தப் பக்கமுங்க ஓடினாரு?"

அவர் சப்புவதை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். 

"எந்தப் பக்கம்னு சொன்னா உனக்கு நல்லாருக்கும் கண்ணு?"

மேடம் என்று கூப்பிட்டது போய்விட்டது, அம்மா என்று கூப்பிட்டதும் போய்விட்டது. கண்ணு.  கதவைப் பார்த்தாள், கொண்டி வெளியே. பிரதீபன் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்.

"உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப மேக்கன்னே வெச்சுக்க," என்றார் அவர்.

கருணையாகத்தான் சொன்னார். அப்படித்தான் அவளுக்குக் கேட்டது. அதுதான் தாங்க முடியாததாய் இருந்தது, அதட்டியிருந்தால், மிரட்டியிருந்தால், அப்போது வந்தவர்களும் மரியாதையாகத்தானே பேசினார்கள், வந்து கழுவிக்கலாம் என்று. மேற்கே என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு எளிது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம், வண்டி நிஜம், ஸ்டேஷன் நிஜம், துளைகள் நிஜம், எதுவும் பொய்யில்லை, எந்தப் பக்கத்திலிருந்து என்று யாரும் கேட்கவில்லையே. ஓட்டல் முகப்பில் நிற்கும், சுற்றுலா வருகிறவர்கள் பிள்ளைகளைத் தூக்கித் துளையில் விரலை வைக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்ப்பாள், அது இல்லம்மா என்று சொல்லலாம், அதானே என்பாள். அம்மா போகிறவரைக்கும்தான். இன்னும் எத்தனை காலம். அதற்கப்புறம் இவள் ஒருத்திதான், ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு ஹூப்ளியில் லாரி ஓட்டுகிறவனை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது அவனுக்கு எழுபதை ஒட்டி இருக்கும், சர்க்கரை இருக்கும், கண்ணாடி போட்டிருப்பான். எத்தனை தீபாவளிக்கு அவனுக்கு வயசை ஏற்றிக்கொண்டு வந்தோம். கண்ணாடியைக்கூட நான்தான் மாட்டினேன். அவன் பத்தொன்பதிலேயே இருக்கிறான், கை கழுவாமல், இந்தக் கதவுக்குப் பக்கத்தில், இவ்வளவு பக்கத்தில், யாரும் திறந்துவிடாமல். மேற்கே என்று வைத்தால் அவனை இங்கேயே உள்ளே வைத்துச் சாத்திவிட்டுப் போவதாகும். சாத்தினவர்களில் நானும் ஒருத்தியாகிவிடுவேன். இல்லை, யோசிக்காதே, அம்மா வயசானவள், தாங்க மாட்டாள். தாங்காமல்தான் இத்தனை வருஷம் இருந்தாளா.

பிரதீபன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "சாரி மேடம். எப்படி, எல்லாம் ஓகேதானே?"

"கதவைத் திறங்க சார்," என்றாள் பூங்கோதை.

திறந்தார். அவள் இறங்கித் தார்ச்சாலையில் வண்டியைப் பிடிக்காமல் நின்றாள். வகுப்பில் நின்று சொல்வதுபோல் சொன்னாள், வேறு குரல் அவளிடம் இல்லை. உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். பிரதீபன் சிரித்துக்கொண்டே கையை விட்டார், எது எந்தப் பக்கம் விரியும் என்று அவள் சொல்லச் சொல்ல அவருடைய சிரிப்பு முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. கல்லில் துளை போட்டுப் பழகிய குவாரிக்காரருக்கு ஓட்டையைப் பற்றி இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. "அப்ப… உள்ளயே வெச்சா மேடம்?" என்றார். "கதவைச் சாத்திட்டா?" அவள் ஓட்டுகிற பக்கம் நடந்து போனாள். தணிகாசலம் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"செங்குட்டுவன்," என்றாள். "தறிக்கார அய்யாவு மகன், மோட்டுப்பாளையம்."

"பேரு தெரியும்." ரோட்டிடம் சொல்வதுபோல் சொன்னார். "அந்தப் பையன் பேரு கேஸ்லயே இல்ல. பிடிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. கேஸ்ல இல்லாதவன் பொணத்தை எப்பிடிக் கணக்குக் காட்டுறது. அதான் ஓடிட்டான்னு எழுதுனாங்க." ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, "நான் திரும்பிப் பாக்கல. பாக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றார்.

"அவனை எங்க போட்டாங்க ஐயா?"

அவர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தொட்டுத் திருப்பினார்.

"எங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்றில் ஜீப் ஒருமுறை ஆடி நின்றது. அவர் கீழே குனிந்து, வயதானவர்கள் எழுந்திருக்க எதையோ தேடுவதுபோல் சாவியைத் தேடித் திருப்பினார்.

"ஏறு," என்றார். "காட்டுறேன்."

 இந்த வண்டியிலா. இவரோடா. எங்கே கொண்டுபோவார், எதற்குக் கொண்டுபோவார், வேறு வண்டியில் பின்னால் வருகிறேன் என்று சொல்லலாம், போலீசுக்குப் போன் செய்யலாம், போலீசுக்கு. பிரதீபன் அவள் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். "எங்க மேடம் போறோம்?"

"சர்வீஸ் ஹிஸ்டரி சார்," என்றாள். "இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது. நீங்க பின்னால ஏறிக்கிறீங்களா? கதவைச் சாத்த வேண்டாம்."

அவர் மறு பேச்சுப் பேசாமல் பின்னால் ஏறினார். அவள் முன்சீட்டில் ஏறினாள். பின்கதவு திறந்தபடியே கிடந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடால் தடால் என்று அடித்துக்கொண்டு வந்தது. தணிகாசலம் கிழக்கே திருப்பினார். மலை முதுகுக்குப் பின்னால் போனது. மரவள்ளிக் காடுகள், தென்னந்தோப்பு, ஒரு புது பெட்ரோல் பங்க், மறுபடி மரவள்ளி. யாரும் பேசவில்லை. அவர் ஓரிடத்தில்கூட வழி யோசிக்கவில்லை, பிரிகிற இடங்களில் கை தானாகத் திரும்பியது, இவர் இந்த வழியில் அடிக்கடி வந்திருக்கிறார் என்று நினைத்தாள், எதற்கு வருவார், யாருக்காக வருவார், கேட்கத் தோன்றவில்லை. கிழக்கு. இத்தனை காலமும் அம்மா மேற்கு ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்தாள்.

ஒரு வளைவுக்கு அப்பால் புளித்த நாற்றம் அடித்தது, கிழங்கு அரைத்த பாலின் நாற்றம், ஜவ்வரிசி ஆலை. ஆலையை ஒட்டி ஒரு பெரிய சிமெண்ட் களம், கண் எட்டுகிற தூரம்வரை, அதில் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது, வெயிலில் பார்க்க முடியாத வெள்ளை. முக்காடு போட்ட பெண்கள் பலகையால் அதைக் கிளறிக் கிளறிப் பாத்தி பாத்தியாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை, இறங்க முடியவில்லை என்று தோன்றியது, கால் கிளட்ச்சிலிருந்து வரவில்லை.

"அப்ப இது பொறம்போக்கு. ஒரு பாழுங்கெணறு இருந்துச்சு," என்றார். கையை நீட்டினார். வெயில் கூச்சத்தில் எந்த இடம் என்று சரியாகத் தெரியவில்லை, அந்த வெள்ளையின் நடுவில் எங்கோ, மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். "மூடித்தான் களம் போட்டாங்க."

பூங்கோதை இறங்கினாள். ரோட்டுச் சரிவில் இறங்கி, களத்தின் விளிம்பில் ஏறி, ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க்கா," என்று மஞ்சள் சேலைக்காரி அங்கிருந்தே கத்தினாள். "திங்கிற பொருளுங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

அவள் கழற்றினாள். சிமெண்ட் கொதித்தது. அந்தப் பெண் பலகையால் ஜவ்வரிசியை இரண்டு பக்கமும் ஒதுக்கி, அவள் நடந்து வருவதற்கு வழி விட்டாள்.